கல்லாலைக்குப் பின்னால், இரண்டாவது மேடு

மாலை ஐந்து மணிக்கு மட்டும் அப்பா பொய் சொல்வார். மற்ற நேரங்களில் சொல்லமாட்டார்.

கேரவனோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் ஐந்து மணிக்கு அவரவர் நாற்காலியையும் அவரவர் குடிப்பதையும் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்காருவார்கள். எந்த ஊரில் நிறுத்தினாலும் இது மாறாது. ஹனோராவில் எங்கள் வட்டம் மிகச் சிறியது. அக்டோபர் கடைசி, அங்கே கோடை தொடங்குகிற நேரம். வெயில் ஏறத் தொடங்கியதும் மற்றவர்கள் கேரவன்களைப் பூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் இறங்கிவிட்டார்கள். மதுக்கடைக்குப் பின்னால் இருந்த செம்மண் திடலில் மிச்சம் இருந்தவை இரண்டு கேரவன்கள். ஒன்று எங்களுடையது, இன்னொன்று மெர்வ், நோலீன் தம்பதியுடையது. மதுக்கடை நடத்தும் ஷெரில், கடையில் ஆள் இல்லாததால், அவளும் ஒரு நாற்காலியோடு வந்துவிடுவாள்.

"என்ன லாய்ட், இன்னைக்கு எத்தனை கிலோ?" என்று மெர்வ்தான் ஆரம்பிப்பார்.

"ஆணி கால் கிலோ," என்பார் அப்பா. "ஒரு குதிரை லாடம். அப்புறம் நூறு வருஷத்துக்கு முன்னாடி எவனோ தொலைச்ச சூப்பு ஸ்பூன்."

"எந்தப் பக்கம் தொலைச்சானாம்?"

"வடக்கே, அந்தப் பழைய கல்லாலைப் பக்கம். நீ வேணா நாளைக்குப் போய் முள்கரண்டியைத் தேடு."

"எனக்கு ரெண்டு பீர் மூடி," என்பார் மெர்வ். "மேற்கே போனேன். அதுல ஒரு மூடி நானே போட்டது."

"காலையில கிழக்கேன்னு சொல்லிட்டுப் போனீங்க," என்பாள் நோலீன், பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பூமி சுத்துதுல்ல, நோலீன்."

எல்லாரும் சிரிப்பார்கள். தங்கம் தேடுகிறவர்களுக்குள் இது ஒரு முறை. கேட்கிறவர் கேட்கலாம், சொல்கிறவர் பொய் சொல்லலாம். அதை நம்புகிறவர்தான் முட்டாள். தெற்கே போனவர் வடக்கே என்பார். தங்கக்கட்டி கிடைத்தவர் ஆணி என்பார்.

அப்பா தெற்கேதான் போய்க்கொண்டிருந்தார். ஊருக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டரில், அந்தக் காலத்தில் ஆப்கானிய ஒட்டகக்காரர்கள் தண்ணீர் இறைத்த கிணறு ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டி வறண்ட ஓடை. அங்கேதான் நாங்கள் வந்த நான்காம் நாள், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்துகிற அப்பாவின் டிடெக்டர் கத்தியது. முழங்கால் ஆழத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தங்கக்கட்டி. அதை இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் கொட்டினார். கட்டிக்கு அந்த அளவில் இருக்கவேண்டியதைவிட எடை அதிகம். வெயிலில் கிடந்ததுபோல் சூடாகவும் இருந்தது. அப்பாவின் சட்டைப்பையில் வந்த சூடு.

"உன்கிட்ட மட்டும்தான் இடத்தைச் சொல்வேன் கண்ணு," என்றார். "ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்ல. உங்கம்மாகிட்ட சொன்னா நோலீன்கிட்ட போயிரும். நோலீன்கிட்ட போனா அது மெர்வுதான். நீதான் யார்கிட்டயும் வாயே திறக்க மாட்டியே."

அது உண்மை. அந்த ஜூன் மாதம் பதினாறு வயதில் நான் பள்ளியை விட்டேன். வகுப்பில் எழுந்து நின்று பேசவேண்டிய நாள்களில் எனக்கு வயிறு வலிக்கும். அந்த நாள்கள் கூடிக்கொண்டே போயின. கடைசியில் அம்மா தாளில் கையெழுத்துப் போட்டாள். அப்பாவுக்கும் முதுகு போய், லாரி ஓட்டுவதை விட்டிருந்தார். பன்பரியில் வீட்டை அத்தையிடம் விட்டுவிட்டு மூவரும் கேரவனில் கிளம்பினோம். மூன்று வாரமாக மெர்விடம் நான் பேசிய மொத்தப் பேச்சு "ம்", "இல்ல", "தேங்க்ஸ்". அவர் என்னை "சத்தக்காரி" என்று கூப்பிடுவார். "சத்தக்காரி, கொஞ்சம் மெதுவாப் பேசு, காது அடைக்குது." எனக்கு அது பிடித்திருந்தது. பதில் சொல்லவேண்டிய கேலி இல்லை அது.

அப்பா தினமும் காலை ஐந்தரைக்குக் கிளம்புவார், நடந்தே போவார். வண்டியை எடுத்தால் சக்கரத்தடம் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய ரயில் பாதையின் சரளைமேல் நடந்தால் காலடி விழாது. தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், சரளை மட்டும் வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கிறது. அப்பா முதலில் வடக்கு நோக்கி நடப்பார். நூறு அடி போனதும் பாதை ஒரு பள்ளத்துக்குள் இறங்கும். அங்கே யார் கண்ணிலும் படாமல் திரும்பி ஓரமாகத் தெற்கே போவார். தோண்டிய குழியை மூடுவது எல்லாரும் கடைப்பிடிக்கிற சட்டம். அப்பா மூடியதோடு நிற்காமல் மேலே காய்ந்த சுள்ளியும் ஆட்டுப்புழுக்கையும் தூவுவார். ரேடியோ கொண்டுபோகமாட்டார், அதில் பேசினால் அந்த அலைவரிசையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். அவசரத்துக்கு அழுத்துகிற சிக்னல் கருவி ஒன்றை அம்மா வாங்கிக் கொடுத்திருந்தாள். அது கேரவன் டிராயரில் கரண்டிகளோடு கிடந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டால் வானத்திலிருந்து எவனோ தன் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்பது அப்பாவின் எண்ணம்.

ஒரு மணிக்குத் திரும்பிவிடுவார். ஒரு நாளும் தவறியதில்லை.

பிற்பகல்களில் நானும் அம்மாவும் ஊரைச் சுற்றுவோம். ஹனோராவில் ஒரு காலத்தில் எட்டாயிரம் பேர் இருந்தார்கள். பன்னிரண்டு மதுக்கடைகள், இரண்டு செய்தித்தாள்கள், நீச்சல்குளம்கூட இருந்ததாம். இப்போது ஷெரிலும் அவளுடைய கிழட்டு நாயும் மட்டும். தெருக்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன, அகலமாக, நேராக, முனைகளில் பெயர்ப்பலகையோடு. வீடுகள் இல்லை. வெறும் நிலத்தில் இரும்புத் தகடுகள் நட்டிருப்பார்கள். "பேக்கரி, 1897 முதல் 1911 வரை." "வங்கி." "தையற்கடை." அஸ்திவாரக் கல் மட்டும் தெரிகிற இடத்தில் அம்மா வாசல் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து அதன் வழியாகத்தான் உள்ளே போவாள். சுவர் இருந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கமாட்டாள்.

"ரெண்டு ரொட்டி குடுங்க," என்பாள் என்னைப் பார்த்து. "நேத்திக்கு குடுத்த மாதிரி கல்லா இருக்கக்கூடாது."

நான் காற்றிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். பேசவேண்டிய அவசியமில்லாத ஊர். நான் பார்த்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஊர் அதுதான். வெயிலில் ஊதாநிறமாக மாறிப்போன பழைய கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி ஜன்னலோரம் வரிசையாக வைத்திருந்தேன்.

புதன்கிழமை கல்லறைத்தோட்டத்துக்குப் போனோம். பாதிக்குமேல் குழந்தைகள், காய்ச்சலில் போனவர்கள். வேலியோரமாக ஒரு கல்லில் எழுதியிருந்தது: "டோபியாஸ் ரீவ், வயது 31. தாகத்தால் இறந்தார். ஊரிலிருந்து இரண்டு மைல்."

"ரெண்டே மைலா?" என்றாள் அம்மா. "ஊர்ல எட்டாயிரம் பேர் இருந்தாங்களே. யாரும் தேடலையா?"

அவள் கல்லின் மேலிருந்த மண்ணைக் கையால் தள்ளிவிட்டாள். அன்று மாலை ஐந்து மணி வட்டத்தில், நாமும் கிளம்பிவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னாள். நாளை நாற்பத்திரண்டு டிகிரி என்று ரேடியோவில் சொன்னார்களாம்.

"ஞாயித்துக்கிழமை," என்றார் அப்பா. "சத்தியமா."

"எந்த ஞாயித்துக்கிழமைன்னு கேளு ஜானீன்," என்றார் மெர்வ் அம்மாவிடம்.

மறுநாள் காலை, இன்னும் வெயில் வராத நேரத்தில், மெர்வ் எங்கள் கேரவனுக்கு வந்தார். முந்தின நாள் இரவல் வாங்கிய எரிவாயு ரப்பர் குழாயைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். அப்பா படியில் உட்கார்ந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்தேன், நாலு லிட்டர். மெர்வ் குழாயைக் கொடுத்துவிட்டு உடனே போகவில்லை. டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா எழுந்து டிடெக்டரைத் தோளில் மாட்டினார். "கல்லாலைக்குப் பின்னாடி, ரெண்டாவது மேடு," என்றார் என்னிடம். "ஒரு மணிக்கு வந்துருவேன்."

நான் சிரித்தேன். மெர்வும் சிரித்தார்.

"சத்தமாச் சொல்லுய்யா, நாய்க்குக் கேக்கல," என்றார் மெர்வ்.

அப்பா இரண்டடி போய்த் திரும்பினார். "கல்லாலை, கெரின்," என்று என் பெயரைச் சொல்லி மறுபடி சொன்னார். முகத்தில் அதே ஐந்து மணிச் சிரிப்பு. நான் தலையாட்டினேன். எனக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்குக் காட்ட ஒரு கண்ணைச் சிமிட்டினேன். அவரும் சிமிட்டினார். பிறகு வழக்கம்போல் ரயில் பாதையில் வடக்கே நடந்து பள்ளத்துக்குள் இறங்கி மறைந்தார்.

அந்தக் கண்சிமிட்டலைப் பற்றி நான் எத்தனை முறை யோசித்தாலும் அதன் அர்த்தம் எனக்குக் கிடைப்பதில்லை. அவர் எதற்காகச் சிமிட்டினார் என்று கேட்கிற தைரியமும் எனக்கு வரவில்லை.

ஒரு மணி ஆனது. அம்மா முட்டையும் பீன்ஸும் வைத்திருந்தாள். ஒன்றரைக்கு அதன்மேல் தட்டை மூடினாள். இரண்டு மணிக்கு வாசலில் நின்று ரயில் பாதையைப் பார்த்தாள். அதன்மேல் காற்று நீர்போல் நெளிந்துகொண்டிருந்தது. இரண்டேகாலுக்கு அவள் மெர்வின் கேரவனைத் தட்டினாள்.

மெர்வ் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார், ஆனால் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. தண்ணீர்க் கேனை வண்டியில் ஏற்றினார். "வாங்க, கல்லாலைக்குப் போவோம். காலையில சொன்னாரே."

"அங்க இல்ல," என்றேன்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நோலீன் கையிலிருந்த துண்டை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்க இல்ல. ஒட்டகக்காரர் கிணத்துக்கு அந்தாண்ட. ஓடையில. தினமும் அங்கதான் போறாரு. காலையில சொன்னது சும்மா."

மெர்வ் தொடையில் தட்டினார். "தெரியும். அந்தத் திருட்டுப்பய வடக்கே போறவனே இல்லன்னு எனக்குத் தெரியும்."

"ஒரு வண்டி வடக்கே போகட்டுமே?" என்றாள் நோலீன். "ரெண்டு வண்டி இருக்குல்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். என் குரல் எனக்கே புதிதாக, உறுதியாக இருந்தது. "வேணாம். அவரு அந்தப் பக்கம் போகவே மாட்டாரு. தெற்கேதான். நாலு கண்ணு இருந்தா நல்லது, அங்க குழி நிறைய இருக்கு."

"லாய்ட் இவகிட்ட பொய் சொல்ல மாட்டாரு," என்றாள் அம்மா.

இரண்டு வண்டிகளும் தெற்கே போயின. ஷெரில் மதுக்கடைத் தொலைபேசியில் போலீசுக்குச் சொல்லப் போனாள். அங்கே வேறு தொலைபேசி கிடையாது.

ஒட்டகக்காரர் கிணற்றைத் தாண்டி ஓடை நெடுகப் பழைய சுரங்கக் குழிகள். சிலவற்றுக்கு ஓரத்தில் கம்பிவேலி, பலவற்றுக்கு எதுவுமில்லை. மெர்வ் ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். நோலீன் அவர் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். அவருக்கு எழுபத்தொரு வயது. அம்மா "லாய்ட்" என்று கத்திக் கத்தி, கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வெறும் மூச்சுதான் வந்தது. நான் வண்டியின் ஹார்னை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தினேன். அழுத்திவிட்டுக் காது கொடுப்பேன். ஈக்கள் ரீங்காரம் தவிர ஒன்றுமில்லை. காற்றில் ஈரம் என்பதே இல்லை. என் உதடு வெடித்து உப்புக் கரித்தது.

நாலரைக்கு, தொண்ணூறு கிலோமீட்டர் தாண்டியிருக்கிற ஊரிலிருந்து போலீஸ் வண்டி வந்தது. சார்ஜென்ட் டிரெஸ்கோ என்கிற உயரமான பெண்ணும் ஓர் இளம் கான்ஸ்டபிளும். டிரெஸ்கோ வரைபடத்தை வண்டி முகப்பில் விரித்து, ஓடையைக் கட்டம் கட்டமாகப் பிரித்தாள். காலையில் விமானம் வரும் என்றாள். வேலை தெரிந்தவள் என்று எல்லாருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. அவள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அம்மாதான் பதில் சொன்னாள். நான் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லி முடித்தாகிவிட்டது என்று நினைத்தேன்.

சூரியன் இறங்கும்போது அப்பா மூடிய குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சுள்ளி விழுந்திருக்கும் விதம் அவருடையது. ஒன்பது குழிகள் இருந்தன. ஒன்பதின்மேலும் காற்று மண்ணை வரிவரியாக அடித்திருந்தது. அன்று தோண்டிய குழி ஒன்றுகூட இல்லை. மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். ஒன்பதுதான்.

டிரெஸ்கோ என் பக்கத்தில் வந்து நின்றாள். "நீதானே இடத்தைச் சொன்னது?" என்றாள். "காலையில அப்பா உன்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனாரு? அவர் சொன்னபடியே சொல்லு, பாக்கலாம்."

"கல்லாலைக்குப் பின்னாடி," என்றேன். "ரெண்டாவது மேடு. ஒரு மணிக்கு வந்துருவேன்."

அவள் வடக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்ப ஏன் இங்க?"

"மெர்வ் பக்கத்துல நின்னாரு."

"நின்னா?"

மெர்வ் தொப்பியைக் கழற்றிவிட்டு நடந்து வந்தார். அவர் சட்டை முன்பக்கம் முழுக்க மண். "நான் நின்னா அவன் உண்மை பேச மாட்டான்," என்றார் மெதுவாக. "நாங்க அப்படித்தான் பேசிக்குவோம்."

"ரெண்டு தடவை சொன்னாரு," என்றேன். "திரும்பி வந்து, ரெண்டாவது தடவையும் சொன்னாரு."

கல்லாலைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் தங்கக் கல்லை இடித்துப் பொடியாக்கிய ஆலை அது. இப்போது ஐந்து இரும்பு உலக்கைகள் மட்டும் மரச்சட்டத்தில் தொங்குகின்றன. அதற்குப் பின்னால் மேடுகள், மேடுகளுக்கிடையே குழிகள், குழிகளுக்கு வேலியில்லை. டிரெஸ்கோ வண்டி விளக்கைப் போட்டுவிட்டு ஒலிபெருக்கியில் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டாள். நாங்கள் காத்திருந்தோம். பிறகு அவள், இருட்டில் இதற்குள் யாரையும் நடக்கவிட முடியாது, ஒருவருக்குப் பதில் நாலு பேரைத் தேடவேண்டிவரும், விடியட்டும் என்றாள்.

அம்மா அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். மெர்வ், தனக்கு வயதாகிவிட்டது, தான் போனால் யாருக்கும் நட்டமில்லை என்று சொல்லிப் பார்த்தார். டிரெஸ்கோ இரண்டு பேரையும் விடவில்லை. நானாக இருந்தாலும் விட்டிருக்கமாட்டேன். அந்த இரவை எழுத எனக்கு வரவில்லை. இரண்டாவது மேடு எது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

விடிந்த பத்தாவது நிமிடத்தில் கான்ஸ்டபிள் கையைத் தூக்கினான். ஆலையிலிருந்து எண்ணினால் இரண்டாவது மேடு. அப்பா சொன்ன இடம். பழைய அகழி ஒன்றின் பக்கச்சுவர் சரிந்து, தொடைவரை கல்லும் மண்ணும் மூடி, அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. உதடு கறுத்துப் போயிருந்தது. தண்ணீர்ப் பாட்டில்கள் நாலும் காலியாக, மூடி போட்டு, பக்கத்தில் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

விமானம் அவரைப் பெரிய ஊருக்குக் கொண்டுபோனது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இருபத்திரண்டு மணி நேரம் கல்லுக்கு அடியில் இருந்த கால் என்று டாக்டர் சொன்னார். முந்தின நாள் மாலைக்குள் எடுத்திருந்தால்கூட வேறு மாதிரி பேசியிருக்கலாம் என்றார். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று அவள் கழுத்தை அப்படி வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது.

ஆறாம் நாள் மெர்வும் நோலீனும் ஒரு பை திராட்சையோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். குரல் மெலிந்திருந்தது, ஆனால் அவருடைய குரல்தான்.

"வண்டிச் சத்தம் கேட்டுச்சுய்யா," என்றார் மெர்வைப் பார்த்து. "ரெண்டேகால் ரெண்டரை இருக்கும். ரெண்டு வண்டி. இதோ வந்துட்டாங்கன்னு சட்டையைக் கழட்டி ஆட்டுறேன். சத்தம் தேஞ்சுக்கிட்டே போகுது. தெற்கே. அப்புறம் தூரத்துல ஹார்ன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு. சாயங்காலம்வரைக்கும் அதை எண்ணிக்கிட்டே இருந்தேன். அப்புறம் நினைவு தப்பிருச்சு."

அப்பா ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"தெற்கே புதன்கிழமையே தீந்துபோச்சு. ஒண்ணுமில்ல அங்க. அதான் வடக்கே போனேன். நீ பக்கத்துல நிக்கிறேன்னு தெரிஞ்சுதான் சத்தமாவே சொன்னேன். நான் சொல்றதை நீ நம்பவா போற? உண்மையை ஒளிச்சுவைக்க அதைவிட நல்ல இடம் கிடையாதுன்னு எனக்குள்ளயே ஒரு சிரிப்பு." அவர் போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்தார். "சொல்லு, யாரு தெற்கே கூட்டிட்டுப் போனது?"

நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வகுப்பில் எழுந்து நிற்கும்போது வரும் அதே வலி, அதே இடத்தில். 'நான்' என்கிற ஒரு சொல் போதும். அது வந்தால் மற்றவை வரும். வரவில்லை.

"நான்தான்," என்றார் மெர்வ்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. திராட்சைப் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "வடக்கேன்னு சொன்னா தெற்கேதான்னு நினைச்சேன். என் புத்தி அவ்வளவுதான்."

நோலீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மெர்வ் அவள் மணிக்கட்டில் கைவைத்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

அப்பா நெடுநேரம் அவரைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மெர்வும் நோலீனும் சற்று நின்றுவிட்டு, திராட்சையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் காலடி ஓசை அடங்கியபிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். என் கையைத் தேடி எடுத்து, அதன்மேல் தட்டிக்கொடுத்தார்.

"உன்மேல எனக்குக் கோபமே இல்ல கண்ணு," என்றார். "உனக்கு இடம் தெரியும். சொல்லணும்னுதான் நினைச்சிருப்ப. அத்தனை பேர் நிக்கும்போது உனக்கு வாய் வராதுன்னு எனக்குத் தெரியாதா? தப்பு என்னோடதுதான். பேசற ஆளுகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கணும்."

அம்மா எழுந்து வெளியே போனாள்.

ஜனவரியில் பன்பரிக்குத் திரும்பிப் போகும்போது அம்மாதான் வண்டி ஓட்டினாள். கேரவனை இழுத்துக்கொண்டு அவள் அவ்வளவு தூரம் ஓட்டியது அதுவே முதல் முறை. ஹனோராவுக்குத் திரும்பும் கிளைச்சாலையைத் தாண்டியபோது வண்டி ரேடியோவில் மெர்வின் குரல் வந்தது. அவர்கள் எங்கோ பக்கத்தில்தான் இருந்திருக்கிறார்கள். "லாய்ட், கேக்குதா? அந்த வெள்ளைக் கேரவன் நீங்கதானா? சத்தக்காரி எப்படி இருக்கா?" அப்பா கையை நீட்டி ரேடியோவை அணைத்தார்.

அன்று மாலை ஒரு சின்ன ஊரின் குதிரைப் பந்தய மைதானத்தில் நிறுத்தினோம். ஏற்கெனவே ஏழெட்டுக் கேரவன்கள் இருந்தன. ஐந்து மணிக்கு நாற்காலிகள் வட்டமாக வந்தன. நான் அப்பாவின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். அவர் ஊன்றுகோலைச் சாய்த்துவைத்து உட்கார்ந்ததும், யாரோ காலைப் பற்றி மெதுவாகக் கேட்டார்கள். அப்பா சொன்னார். மெர்வ் என்கிற ஆளைப் பற்றி, அவன் புத்தியைப் பற்றி, இரண்டு வண்டிகளும் சத்தம் தேயத் தேயத் தெற்கே போனதைப் பற்றி.

"பாவிப்பய," என்றாள் ஒரு பெண்.

"சரியான இடம் தெரிஞ்ச ஆளு ஒருத்திதான்," என்றார் அப்பா. என் முதுகில் கைவைத்தார். "இவளுக்குத் தெரியும். ஆனா பாவம், இவளுக்குப் பேச வராது."

எல்லாரும் என்னை அன்போடு பார்த்தார்கள். ஒருவர் எலுமிச்சைச் சாறு வேண்டுமா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்" என்றேன்.